நாலாம் படி

கழுத்து வலி என்று போனால், எலும்பு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரொம்ப நேரம் செல்போன் பாக்குறீங்களா?" என்பதுதான். ஊரில் எல்லோருக்கும் குனிந்து குனிந்து கழுத்து போகிறது. எனக்கு அண்ணாந்து அண்ணாந்து போயிற்று. இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலைக் கூரையைப் பார்த்தபடியே நடந்தவன் நான். "கூரையில என்ன இருக்கு?" என்றார். "டிரே" என்றேன். டீ கொண்டுவரும் தட்டு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கழுத்துக்குப் பட்டை எழுதிக் கொடுத்தார்.

நான் சொன்னது கேபிள் டிரேயை. அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தும்போது மேலே பாருங்கள். துளை துளையாக ஒரு தகரத் தட்டு தலைக்கு மேல் நீளமாக ஓடும். அதன்மேல் கறுப்புக் கேபிள்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அது பெர்ஃபரேட்டட் டிரே. இரண்டு பக்கச் சட்டத்துக்கு நடுவே குறுக்குப் படிகள் வைத்து, ஏணியைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தால் லேடர் டிரே. கனத்த கேபிள்களுக்கு அதுதான் சரி. கம்பி வலையாலும் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அதன்மேல் பிரியம். நம் பக்கம் பெரும்பாலும் 2.5 மீட்டர் துண்டுகளாக வரும். அகலம் 50 மில்லியில் ஆரம்பித்து 900 வரை போகும். துண்டோடு துண்டு சேரும் இடத்தில் கப்ளர் பிளேட் வைத்து, நட்டு போல்ட் போட்டுக் கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் தனித்தனியாகப் பைப் அடித்துச் சுவரைப் பாழாக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பாதை. அதிலிருந்து மெஷினுக்கு இறங்கும் இடத்தில் மட்டும் பைப், அதாவது கண்டூட். அவ்வளவுதான் வித்தை.

வித்தை எனக்குத் தெரியும். உயரம்தான் ஆகாது. ஏணியில் மூன்று படி ஏறுவேன். நாலாம் படியில் முழங்கால் என்னைக் கேட்காமல் தனியாக ஒரு முடிவெடுக்கும். மரமேறத் தெரியாதவன் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்த கதை என்னுடையது. சூப்பர்வைசருக்கான 'சி' சான்றிதழ் வைத்திருக்கிறேன். அதில் ஏணியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஏணி ஏற முடியாதவன், வாழ்நாளெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் ஏணியைப் படுக்கப் போட்டுச் சம்பளம் வாங்கினேன்.

இதை வெளியே தெரியாமல் காப்பாற்ற ஓர் உபாயம் வைத்திருந்தேன். கையில் எப்போதும் வரைபடச் சுருள் இருக்கும். சுருள் வைத்திருப்பவனை யாரும் மேலே ஏறச் சொல்ல மாட்டார்கள். அப்படியும் யாராவது, "சார், ஒருவாட்டி ஏறிப் பாத்துட்டீங்கன்னா..." என்று இழுத்தால், கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்துவிட்டு, "எதுக்கு? இங்கேருந்து பாத்தாலே தெரியுது" என்பேன். அந்த ஒரு வாக்கியத்தால் நான் அடைந்த தோல்விகள்தான் கீழே வருகின்றன. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. சிலவற்றுக்கு இன்னும் உத்தரவாதக் காலம் முடியவில்லை.

முதல் வேலை கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில். கூரைக்கடியில் 300 மில்லி அகலத்துக்குத் துளைத் தட்டு போட்டுக் கேபிள்களைச் சீராக அடுக்கி, கீழே நின்று பார்த்தேன். மிலிட்டரி அணிவகுப்பு தோற்றது. நாலு மாதம் கழித்து மில்லின் பழைய ஃபிட்டர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, மெத்தை போட்டாச்சு, தலகாணி எப்பங்க போடுவீங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே ஏணி வைத்து ஏறி, ஒரு கை நிறைய அள்ளிக் கீழே போட்டார். பஞ்சு. நூற்பாலையில் காற்றிலேயே பஞ்சுத் தூசி மிதக்கும். கிடைமட்டமாக எது கிடந்தாலும் அதன்மேல் படியும் என்பது அங்கே பிறந்த குழந்தைக்குத் தெரியும். துளைகள் எல்லாம் அடைத்து, கேபிள்கள் இலவம் பஞ்சு மெத்தையில் படுத்திருந்தன. ஒரு பொறி போதும். கீழேயிருந்து பார்த்தவனுக்குத் தட்டின் அடிப்பாகம்தானே தெரியும்? அது பளபளவென்றுதான் இருந்தது. கடைசியில் தட்டையே ஒருக்களித்து, சுவரோடு செங்குத்தாக நிற்கவைத்து, கேபிள்களைப் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டுக் கட்டினோம். பஞ்சு உட்கார இடமில்லாமல் போயிற்று. யோசனை அந்த ஃபிட்டருடையது. அறிக்கையில் என் பெயர் போட்டுக்கொண்டேன். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது தோல்வி கொஞ்சம் பெரியது, கனமும் அதிகம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு புதுத் தொழிற்சாலை. ட்ரான்ஸ்ஃபார்மர் யார்டிலிருந்து மெயின் பேனலுக்கு 3.5 கோர் 300 ஸ்கொயர் அலுமினியக் கேபிள், ஒன்றல்ல, ஆறு ஓட்டம். கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கேபிள் இல்லை, மலைப்பாம்பு. மீட்டருக்கு ஐந்தாறு கிலோ வரும். விட்டம் 65 மில்லி அளவு. நான் லேடர் டிரேக்குக் கணக்குப் போட்டேன். நேர்த்துண்டு இத்தனை, பெண்டு இத்தனை, டீ இத்தனை என்று பட்டியல் எழுதினேன். பெண்டுக்கு உள் ஆரம் எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் போனில் கேட்டார். வரைபடத்தைப் பார்த்தேன். அதில் மூலையில் ஒரு அழகான சின்ன வளைவு, அவ்வளவுதான். "வழக்கமா குடுக்கிறதையே குடுங்க" என்றேன். வழக்கமானது 300 மில்லி ஆரம். பதினாலு பெண்டு வந்து இறங்கியது.

எங்கள் மேஸ்திரி திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆட்கள் முன்னால் "சார்" என்பார், தனியாக இருந்தால் "தம்பி." நான் அவரை எப்போதும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவேன். பெண்டை மேலே ஏற்றிப் பொருத்திவிட்டு, கேபிளை ரோலரில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். இருபது பேர் ஒரே மூச்சில் இழுத்த கேபிள் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்: "சார், வளையாது!"

"ஏன் வளையாது? பெண்டு போட்டிருக்கோமே?"

"பெண்டு வளைஞ்சிருக்கு சார். கேபிள் வளையாது."

"இங்கேருந்து பாத்தா வளையுற மாதிரிதான் தெரியுது."

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் இறங்கி வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார். "தம்பி, எருமையை ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லுதீய. தலை போவும். மத்தது போவாது."

கணக்கு இதுதான். இந்த மாதிரி ஆர்மர், அதாவது இரும்புக் கவசம் போட்ட கேபிளை அதன் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக் கூடாது. 65-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 780 மில்லி. நான் வாங்கியது 300. கேபிள் வாங்கும்போதே அந்தக் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் நாலாவது பக்கத்தில் அச்சாகியிருந்தது. பாலிடெக்னிக்கில் பரீட்சைக்கும் எழுதியிருக்கிறேன். பலவந்தமாக வளைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. உள்ளே இன்சுலேஷன் நசுங்கும், ஆர்மர் கம்பி விரிந்து கொடுக்கும். இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது, அந்த மூலையிலிருந்து புகை வரும்.

பதினாலு பெண்டையும் கழற்றினோம். நேர்த்துண்டுகளை அறுத்து, சின்னச் சின்னக் கோணமாகச் சேர்த்து, அங்கேயே பெரிய வளைவாகக் கட்டினார்கள். எட்டு நாள் போயிற்று. அறுத்த முனைகளுக்கெல்லாம் துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். அதை நான் கீழே இருந்தபடி நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். ஏதாவது பங்களிப்பு வேண்டுமல்லவா? கழற்றிய பெண்டுகள் ஸ்டோரில் போய்ச் சேர்ந்தன. ஸ்டோர் கீப்பர் அவற்றை இரண்டிரண்டாகக் கவிழ்த்து, மேலே தண்ணீர் கேன்களை வைத்துவிட்டார். அந்த ஆலையில் நான் இருந்தவரை, தாகமெடுக்கும்போதெல்லாம் என் தவறின்மேல் சாய்ந்துதான் தண்ணீர் பிடித்தேன். அங்கேயே மிஞ்சிய துளைத் தட்டு ஒன்று ஒரு மீட்டர் அளவில் கிடந்தது. அதை ஸ்கிராப் விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தக் கதை பிறகு.

டிரே போடுபவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஒன்று, எதிர்காலத்துக்கு இடம் விடு என்பது. கால்வாசியாவது காலியாக விடுவோம். நானும் விட்டேன். ஆனால் காலி டிரே என்பது டவுன் பஸ்ஸின் காலி சீட்டு மாதிரி. ஜன்னல் வழியாக யாராவது துண்டைப் போட்டுவிடுவார்கள். முதலில் கேமராக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் தீ அலாரம். அப்புறம் இன்டர்நெட். கடைசியாக ஓவனுக்கு வெப்பமானி, அதாவது தெர்மோகப்பிள் ஒயர் இழுக்க வந்த பையன் எனக்குப் போன் செய்தான். "சார், சிக்னல் டிரே தூரமா இருக்கு. பவர் டிரேல இடம் இருக்கு. போட்டுக்கட்டுமா?" நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இடம் இருந்தா போடுப்பா" என்றேன்.

அடுத்த வாரம் பெயின்ட் காயவைக்கும் ஓவனில் சூடு தறிகெட்டு ஆடியது. 180 டிகிரியில் நிற்க வேண்டியது திடீரென்று 210 காட்டும், உடனே 160-க்கு இறங்கும். தெர்மோகப்பிளை மாற்றினேன். கன்ட்ரோலரை மாற்றினேன். எர்த்தைச் சோதித்தேன். மூன்று வாரம். நடுவில் யாரோ அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள், நான் தடுக்கவில்லை. கடைசியில் அண்ணாச்சிதான் கவனித்தார். பக்கத்து ஃபேன் மோட்டார், 75 கிலோவாட், வேகத்தை மாற்றும் டிரைவில் ஓடுவது, அது ஓடும்போது மட்டும்தான் ஆட்டம் வருகிறது. ஏறிப் போய்ப் பார்த்தால் தெர்மோகப்பிள் ஒயர் அந்த மோட்டார் கேபிளோடு இருபது மீட்டர் ஒட்டிப் படுத்திருக்கிறது. ஒரே டையில் இரண்டையும் சேர்த்துக் கட்டியும் வைத்திருக்கிறான் புண்ணியவான். தெர்மோகப்பிள் என்பது கிசுகிசுப்பது. கே டைப்பில் 200 டிகிரி சூட்டுக்கே 8 மில்லிவோல்ட்தான் தரும். பக்கத்தில் 415 வோல்ட்டில் டிரைவ் ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் நாதஸ்வரக் குழலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு ரகசியம் பேசினால் காதில் என்ன விழும்? இரண்டுக்கும் நடுவே ஓரடி இடைவெளியாவது விட வேண்டும், அல்லது தடுப்புத் தகடு வைத்த தனி அறை வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிக்னல் டிரேயை நானே தனியாகப் போட்டிருந்தேன். போட்டவனும் நான், போனில் அனுமதி கொடுத்தவனும் நான். "எவன்யா இங்க போடச் சொன்னது?" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டவனும் நானேதான். அந்தப் பையன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

கட்டடத்துக்குள் செய்த தப்புகளுக்குக் கூரையாவது இருந்தது. வெளியே போனால் வெயிலும் மழையும் கடல் காற்றும் சேர்ந்து விடைத்தாள் திருத்தும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு வேலை. பைப் ரேக்கின்மேல் 120 மீட்டருக்கு நேராக ஒரு லேடர் டிரே. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, சப்போர்ட்டுக்குச் சப்போர்ட்டு இறுக்கி முடித்தோம். ஜனவரி மாதம். கீழேயிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அம்பு. மே மாதம் போனேன். நடுவில் ஓரிடத்தில் அம்பு, சாரைப்பாம்பாக நெளிந்திருந்தது. இரும்பு சூட்டில் நீளும். 120 மீட்டர் டிரே, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே 38 டிகிரி வித்தியாசம் கண்டால் கிட்டத்தட்ட 55 மில்லி நீள வேண்டும். நான் அதற்கு ஓர் இடத்தில்கூட எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வைக்கவில்லை; இரண்டு முனையும் இறுக்கிக் கட்டியிருந்தேன். நீளத்துக்குப் போக இடமில்லாமல் பக்கவாட்டில் போயிற்று. அண்ணாச்சி, பக்கத்தில் ஓடிய ரயில் பாதையைக் கையால் காட்டினார். வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்துக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம்.

அதே வேலையில்தான் வெள்ளை டை. கேபிளைக் கட்டும் நைலான் டை கறுப்பிலும் வரும், வெள்ளையிலும் வரும். வெயிலுக்குக் கறுப்புதான், அதில் கலந்திருக்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தாங்கும். வெள்ளை, வீட்டுக்குள் மட்டும். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அன்று கடையில் கறுப்பு இருப்பில்லை, நாளை ஆய்வு. வெள்ளையில் இரண்டாயிரம் வாங்கினேன். கறுப்புக் கேபிள்மேல் வரிசையாக வெள்ளை டை. கீழேயிருந்து பார்க்க மல்லிகைச் சரம் போலிருந்தது. வந்த அதிகாரியே பாராட்டினார். அடுத்த சித்திரையில் ஒவ்வொன்றாக அப்பளம் போல உடைந்து கீழே உதிர ஆரம்பித்தன. காலையில் பெருக்கும் அம்மா என்னிடம் வந்து, "சார், மேலேருந்து என்னமோ நகம் நகமா கொட்டுது" என்றார்.

துருவைப் பற்றியும் ஒரு வரி. முன்னாலேயே துத்தநாகம் பூசிவந்த தகட்டில் செய்த டிரேக்கு, வழக்கமாக ஒரு பக்கம் 20 மைக்ரான் பூச்சு இருக்கும். செய்து முடித்தபின் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதில் அதைப்போல மூன்று மடங்காவது ஏறும். கடலோரத்துக்கு இரண்டாவதுதான், உப்பும் அமிலமும் சேர்ந்த இடமென்றால் அதுவும் போதாது, கண்ணாடி இழை டிரேக்குப் போக வேண்டும். வந்து இறங்கியது எது என்பதைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதலாவது சிக்கென்று பளபளக்கும். முக்கியது கொஞ்சம் சொரசொரப்பாக, சாம்பல் பூத்து இருக்கும். வந்தது பளபளத்தது. நான் அது தரம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

டிரேக்கு மேல்மூடி போட்டதும் அங்கேதான். வெயிலும் பறவை எச்சமும் படாமல் இருக்க. ஒவ்வொரு மூடிக்கும் ஆறு கிளாம்ப் என்று வரைபடம் சொன்னது. ஒன்று விட்டு ஒன்று போட்டால் பாதிச் செலவு மிச்சம் என்று நான் சொன்னேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்றுக்கு, மூடி என்பது தகரம் இல்லை, இறக்கை. மறுநாள் போய்ப் பார்த்தபோது முக்கால்வாசி மூடிகளைக் காணோம். ஒன்று சுற்றுச்சுவரைத் தாண்டி ஒரு டீக்கடைக் கூரைமேல் கிடந்தது. அந்தக் கடையின் கீற்று முழுவதையும் புயல் பிய்த்துக்கொண்டு போயிருந்ததால், கடைக்காரர் அதை அப்படியே கூரையாக வைத்துக்கொண்டார். அவரிடம் போய் நின்றேன். "உங்களுதா சார்?" என்றார். "இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்தேன். ஆள் யாருக்கும் காயமில்லை. பட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் தூக்கம் கெடுகிறது.

மழை வேறு ரகம். வெளியே இருக்கும் பேனலுக்குக் கேபிளை மேலிருந்து இறக்கினால், தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு, அதன்மேலேயே நடந்து, நேராகப் பேனலுக்குள் போகும். அதனால்தான் கேபிளைப் பேனலுக்குக் கீழே வரை தொங்கவிட்டு, மறுபடி மேலேற்றி, அடியிலிருந்து நுழைக்க வேண்டும். தொங்கும் வளைவிலேயே தண்ணீர் சொட்டிவிடும். கேபிள் அரை மீட்டர் மிச்சமாகும் என்று மேலிருந்தே இறக்கினேன். கண்டூட் வாய் வானத்தைப் பார்த்து ஆவென்று திறந்திருந்தது. ஐப்பசியில் பேனல் கதவைத் திறந்த ஹெல்பர் கேட்ட கேள்வி: "சார், மீன் விடலாமா?"

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. டிரே சுவரைத் தாண்டும் இடத்தில் ஓட்டை போடுவோம். கேபிள் இழுத்து முடித்ததும் அந்த ஓட்டையைத் தீ தாண்டாத பொருளால் அடைக்க வேண்டும். அதற்கென்று தனி மாவும் பூச்சும் தலையணை போன்ற பைகளும் உண்டு. வேலையின் கடைசி நாளில் வரும் வேலை. காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. நான் ஒருமுறை தெர்மாகோலை வெட்டிச் சொருகி, மேலே சிமென்ட் பூசி, அதன்மேல் சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். கீழேயிருந்து பார்த்தால் சுவர்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி என்று ஓர் அணுமின் நிலையம். 1975 மார்ச் 22. கேபிள்கள் சுவரைத் தாண்டும் ஓர் ஓட்டையில் காற்று கசிகிறதா என்று சோதிக்க, ஒரு ஊழியர் மெழுகுவர்த்தியை ஏற்றி ஓட்டையருகே பிடித்தார். சுடர் அசைந்தால் கசிவு. அடைப்புக்கு வைத்திருந்தது பாலியூரித்தேன் நுரை. அது பற்றிக்கொண்டது. தீ சுவரின் அந்தப் பக்கம் போய், டிரேக்களின் வழியே பரவி, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்களைக் கருக்கியது. உலையைப் பாதுகாக்கும் கருவிகள் பலவற்றின் கட்டுப்பாடே போயிற்று. அணைக்க ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதன்பிறகுதான் அமெரிக்காவில் அணுமின் நிலையங்களின் தீப் பாதுகாப்பு விதிகளையே மாற்றி எழுதினார்கள்.

இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கேட்டதால் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் லீவு போட்டு, என் கைக்காசில் ஆள் கூட்டிப் போய், அந்தத் தெர்மாகோலைத் தோண்டி எடுத்து முறைப்படி அடைக்கச் செய்தேன். நானும் உடன் நின்றேன். மூன்றாம் படியில்.

நாலாம் படிக்கு என்னைக் கொண்டுபோனது ஒரு பெண். பெண்டு வாங்கிய அதே ஸ்ரீபெரும்புதூர் ஆலையில், பல வருஷம் கழித்துப் பாதுகாப்புத் தணிக்கை. தணிக்கைக்கு வந்தவருக்கு என் மகள் வயதிருக்கும். ஹார்னஸை மாட்டிக்கொண்டு, "வாங்க சார், மேல போய்ப் பாத்துடலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி ஏணியில் இருந்தார். நான் சுருளைத் தேடினேன். அன்றைக்குப் பார்த்து எல்லா வரைபடமும் அவருடைய டேப்லெட்டில் இருந்தது. "இங்கேருந்து பாத்தாலே..." என்று ஆரம்பித்தேன். "என்ன சார்? கேக்கல!" என்றது மேலேயிருந்து குரல்.

ஏறினேன். எப்படி என்று கேட்காதீர்கள். ஆறு மீட்டர் உயரம். மேடைக்கு வந்து, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தேன்.

நான் போட்ட டிரேயை நான் முதன்முதலாக மேலேயிருந்து பார்த்தேன். விரல்கடை உயரத்துக்குப் புழுதி. இரண்டு பிளாஸ்டிக் டீ கப். ஒரு மூலையில் புறாக் கூடு, அதுவும் துண்டு ஒயர்களாலேயே கட்டியது. கேபிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. அடியில் கிடந்ததைத் தொட்டால் கைக்குச் சூடு தெரிந்தது. அவ்வளவு நெருக்கமாக அடுக்கினால் கேபிள் தாங்கும் கரண்டைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று நானே புதுப் பையன்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

பக்கச் சட்டத்துக்கும் கேபிளுக்கும் நடுவே 17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று கிடந்தது. நீல டேப் சுற்றியது. எங்கள் ஸ்பேனர்தான். அது தொலைந்த அன்று ஒரு ஹெல்பர் பையனைத் திட்டி, கூலியில் காசு பிடித்தேன். "மேலேதான் வச்சேன் சார், எடுக்க மறந்துட்டேன், ஏறிப் பாத்துக்கிறேன் சார்" என்று கெஞ்சினான். நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, இங்கேருந்து பாத்தாலே தெரியுது, அங்க ஒண்ணுமில்ல என்று சொன்னேன். அவன் பிறகு துபாய்க்குப் போய்விட்டதாகக் கேள்வி. யாரிடமும் அவன் நம்பர் இல்லை.

அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டார். "சார், இங்க என்னமோ எழுதியிருக்கே?" மூலையில், கையால் அறுத்துச் சேர்த்த அந்தப் பெரிய வளைவு. பக்கச் சட்டத்தின் உள்பக்கம், கீழேயிருந்து எந்தக் கோணத்திலும் தெரியாத இடத்தில், வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்து. அண்ணாச்சியின் கையெழுத்து எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் வருஷக்கணக்காகப் பார்த்தது.

"இந்த வளைவு சார் அவர்களுக்குச் சமர்ப்பணம். இப்படிக்கு கேபிள் இழுத்த இருபது பேர்."

தணிக்கை அறிக்கையில் அது 'அடையாளக் குறியீடு' என்று பதிவாகியிருக்கிறது. நல்ல பெண். இறங்குவதற்கு எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அந்த ஒரு மீட்டர் தட்டு இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. யாரையும் கூப்பிடாமல், முழுக்க முழுக்க நானே கையால் மாட்டிய ஒரே டிரே உலகத்தில் அதுதான். முக்காலிமேல் நின்று, இரண்டு ஆங்கிள் வைத்து, நாலு ஸ்க்ரூ முடுக்கி, டம்ளர்களை அடுக்கி முடித்துவிட்டுப் பெருமையாக இறங்கினேன். வீட்டுக்காரி வாசற்படியில் நின்றபடியே சொன்னாள், "கோணலா இருக்குங்க."

"கிட்ட வந்து, ஏறிப் பாத்துட்டுச் சொல்லு."

"எதுக்கு? இங்கேருந்து பாத்தாலே தெரியுது."

தெரிந்தது. எவர்சில்வர் டம்ளர்கள் இன்றைக்கும் இடது பக்கம் சாய்ந்துதான் நிற்கின்றன.